இரண்டாவது பட்ஜ்

மன்னாரில் ஒரு செய்தியை ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமானால் பேப்பரில் போடத் தேவையில்லை. தோட்டவெளி அன்னப்பிள்ளையிடம் சொல்லி, 'இது ஒருத்தருக்கும் தெரியக்கூடாது' என்றும் சேர்த்துவிட்டால் போதும். பின்னேரத்துக்குள் அது பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய்விடும். அன்னப்பிள்ளையும் பொல்லாத மனுசி இல்லை. கேட்டதை வயிற்றுக்குள் வைத்திருந்தால் அவளுக்குச் செமிக்காது, அவ்வளவுதான்.

அந்த அன்னப்பிள்ளை சிற்றூழியராக இருக்கிற அதே எக்ஸ்றே பகுதியில்தான் றிஸ்மினா றேடியோகிராபராக இருந்தாள். தீவில் உள்ள சிறிய தனியார் ஆஸ்பத்திரி அது. கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு தரம் உண்டாகி, இரண்டு தரமும் மூன்றாம் மாதம் தாண்டாமல் போய்விட்டது. இந்த முறை சோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தபோது அவள் புருசன் முபீன் குளியலறை வாசலில் நின்று 'அல்ஹம்துலில்லாஹ்' என்றான். இரண்டு பேருக்கும் சந்தோசப்படவும் பயமாக இருந்தது.

பெருநிலத்தில், கொண்டச்சியில் இருந்த உம்மாவுக்கு மட்டும் போன் எடுத்தாள். உம்மா முதலில் அழுதாள், பிறகு சட்டம் போட்டாள்.

"மூண்டு மாசம் முடியும்வரைக்கும் ஒரு சனத்துக்கும் வாய் திறக்கப்படாது. கண்ணூறு பொல்லாதது, மகள். போன ரெண்டு தரமும் நாங்கள் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டம்."

கண்ணூறு படும் என்பதைப் படித்த பிள்ளையான றிஸ்மினா நம்புகிறாளா என்று கேட்டால், இல்லை என்பாள். மீறிச் சொல்வாயா என்று கேட்டால், அதற்கும் இல்லை என்பாள். எட்டு வருடம் காத்திருந்தவளிடம் போய் நியாயம் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அவளுடைய தொழிலுக்கும் ஒரு சட்டம் இருந்தது. எக்ஸ்றேக் கதிரோடு வேலை செய்கிற பெண் கர்ப்பமானால் உடனே மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சொல்கிற கதை அங்கே செல்லாது. கருவில் உயிர்க்கலங்கள் பிரிந்து பிரிந்து பெருகுகிற காலம் அதுதான். கதிருக்கு மிகவும் இளகிய காலமும் அதுதான். பரீட்சையில் அதை ஒரு பக்கம் எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்தவள் அவள்.

ஒரு கிழமை தவித்துவிட்டு, தலைமை றேடியோகிராபர் வலன்ரைனின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். விடத்தல்தீவுக்காரர், ஐம்பது தாண்டியவர், குரல் பெரிது, மனம் அதைவிடப் பெரிது.

"சேர், ஒரு விசயம் சொல்ல வேணும். நீங்கள் அதைப் பெற்றிசியா அக்காவுக்கும் சொல்லப்படாது."

"என்ர மனிசிக்குச் சொல்லாத விசயம் எண்டு என்னட்ட ஒண்டும் இல்லை," என்றார் வலன்ரைன். பிறகு அவளுடைய கண்ணைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி. இண்டையில இருந்து ஒண்டு இருக்கட்டும். கதிரையில இருங்கோ, பிள்ளை."

அவருக்கு விளங்கிவிட்டது. சொற்பொழிவு ஒன்றும் வைக்கவில்லை. கதிர் பாயும்போது அறைக்குள் நிற்கக்கூடாது, அழுகிற குழந்தைகளைப் பிடிக்கிற வேலையை வேறு ஆள் பார்க்கும், வார்ட்டுக்குக் கொண்டுபோகும் மெசினைத் தொடவே கூடாது என்றார். கொழும்புக்கு எழுதி இரண்டாவது பட்ஜ் ஒன்றும் எடுப்பித்தார்.

பட்ஜ் என்பது தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்ரிக் துண்டு. கதிரோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்வார்கள். அது எதையும் தடுக்காது. மழைக்குள் வைத்த வாளி எப்படி மழையைத் தடுக்காமல், பெய்தது எவ்வளவு என்று மட்டும் சொல்லுமோ, அப்படி. மாத முடிவில் கொழும்புக்கு அனுப்பினால் இந்த ஆளில் இவ்வளவு பட்டது என்று கணக்கு வரும். முதல் பட்ஜ், கதிரைத் தடுக்கிற ஈய அங்கிக்கு வெளியே, கழுத்தருகில். கர்ப்பிணிக்கு மட்டும் இன்னொன்று, அங்கிக்கு உள்ளே, வயிற்றில். வயிற்றில் இருக்கிறவருக்கென்று தனிக் கணக்கு. பிறக்கும்வரை அந்தக் கணக்கு ஒரு மில்லிசீவேட்டைத் தாண்டக்கூடாது; பட்ட கதிரை அளக்கிற அலகு அது.

றிஸ்மினா அந்த இரண்டாவது பட்ஜை யாருக்கும் தெரியாமல் மேலங்கிக்குள் குத்திக்கொண்டாள். வேலை முடிந்து போகும்போது, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் மற்ற எல்லோருடைய பட்ஜ்களும் தொங்குகிற பலகையில், தன்னுடைய முதல் பட்ஜுக்குக் கீழே மறைவாக மாட்டிவிட்டுப் போனாள். அந்தப் பலகையைத் தினமும் தூசி தட்டுகிறது யார் என்று அவள் யோசிக்கவில்லை.

எக்ஸ்றே அறைக்குள் ஒரு மாதா படம் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். குழந்தையைக் கையில் ஏந்திய மடுமாதா. மார்பு எக்ஸ்றே எடுக்க ஆட்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிற பலகைக்கு நேர் மேலே அன்னப்பிள்ளை மாட்டிவைத்தது. வந்த புதிதில் வலன்ரைன் அதைக் கழற்றப் பார்த்தார். பிறகுதான் அதன் பிரயோசனம் தெரிந்தது. நாடியை, அதாவது முகவாயை, உயர்த்துங்கோ என்று நூறு தரம் சொன்னாலும் சனம் உயர்த்தாது. 'மாதாவைப் பாத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடியுங்கோ' என்றால் நாடி தானாக உயரும், எக்ஸ்றே திறமாக விழும். வேதக்காரர் மாதா என்று பார்த்தார்கள். முசலிப் பக்கத்து முஸ்லிம் சனம் படம் என்று பார்த்தார்கள். எல்லோருடைய நுரையீரலும் ஒரே மாதிரித் தெளிவாக விழுந்தது.

அந்த நாட்களில் றிஸ்மினா ஒன்றைக் கவனித்தாள். அன்னப்பிள்ளையின் போக்கு மாறியிருந்தது. ஈய அங்கியைத் தூக்கக் கை நீட்டினால், "விடுங்கோ, நான் எடுத்துத் தாறன்" என்று பறித்துக்கொள்வாள். தேத்தண்ணி நேரத்தில் இடியப்பமும் சொதியும் தானாக வந்து மேசையில் இருக்கும். 'கண்டுபிடிச்சிட்டா' என்று றிஸ்மினா நினைத்தாள். எந்த நேரமும் கன்ரீன்காரனோ, மருந்து கொடுக்கிற நிஸ்லாவோ வந்து கையைப் பிடித்துக் குலுக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. அன்னப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சும்மா வயது போகப் போக மனம் இளகுகிறது என்று முடிவுகட்டினாள்.

உம்மா வைத்த மூன்று மாதம் முடிந்தது. றிஸ்மினா அதற்குமேல் தானாக இரண்டு கிழமை நீட்டித்தாள். அந்த இரண்டு கிழமை முடிகிற தறுவாயில்தான் கொழும்பிலிருந்து முதல் மாதத்துக் கணக்கு வந்தது.

வலன்ரைன் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவருடைய பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"முதல்ல இருங்கோ. பயப்படாமல் பாருங்கோ."

பயப்படாமல் பாருங்கோ என்று சொல்லிவிட்டு ஒரு கடுதாசியை நீட்டினால் எந்தப் பெண் பயப்படாமல் பார்ப்பாள்? வயிற்றுப் பட்ஜுக்கு நேரே சிவப்பில் இருந்தது: ஒன்று தசம் எட்டு. ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து வைத்த எல்லையை ஒரே மாதம் தாண்டிவிட்டது.

அவளுக்குப் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. நூறு மில்லிசீவேட்டுக்குக் கீழே கருவுக்குச் சேதம் வந்ததாக யாரும் காட்டியதில்லை. இது அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எல்லை ஆபத்தின் எல்லை இல்லை, கவனத்தின் எல்லை. இதே வார்த்தைகளை எத்தனையோ தாய்மாருக்குச் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள். இப்போது அவளுடைய புத்தி அவளிடம் அதையே சொன்னது. அவள் கேட்கிற நிலையில் இல்லை. இப்போதுதானே மூளையின் கலங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து தங்கள் இடத்தில் குடியேறுகிற காலம் என்ற ஒன்று மட்டும் மண்டைக்குள் சுற்றியது. நான் எங்கே பிழை விட்டேன்? கண்ணாடிக்குப் பின்னால்தானே நின்றேன்? எனக்குத் தெரியாமல் எங்கிருந்து வந்தது?

"அங்கி வெடிச்சிருக்கும்," என்றாள். "மடிச்சு வைச்சு உள்ளுக்க ஈயம் வெடிச்சிருக்கும், சேர்."

வலன்ரைன் அவளை வெளியே இருத்திவிட்டு, அங்கியை மேசையில் விரித்து அதற்கே எக்ஸ்றே எடுத்தார். வெடிப்பு இருந்தால் படத்தில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரு கோடும் இல்லை. அங்கி புத்தம் புதிதுபோல் இருந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது றிஸ்மினாவை இன்னும் பயமுறுத்தியது. காரணம் தெரியாத விசயத்துக்கு எப்படி மருந்து கட்டுவது?

வெளியே இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து அந்தக் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண் சிவப்பு எழுத்தை விட்டு நகர மறுத்தது. முபீனுக்கு எடுக்கப் போனைக் கையில் எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டாள். அப்படி வைத்த கை கடுதாசியின் மேல் விழுந்து, சிவப்பை மறைத்தது. அப்போதுதான் அதற்கு மேலே இருந்த வரியை முதல் தரமாக வாசித்தாள். அதுவும் அவளுடைய பெயர்தான். கழுத்துப் பட்ஜ். அதற்கு நேரே ஒன்றுமில்லாத மாதிரி ஒரு சொற்பம்.

அவள் எழுந்து நின்றாள்.

"சேர், இஞ்ச பாருங்கோ. வெளியில குத்தினதில ஒண்டும் இல்லை. உள்ளுக்க, ஈயத்துக்குப் பின்னால இருந்ததில இவ்வளவு. குடைக்கு மேல நனையாமல் குடைக்குக் கீழ நனையுமோ?"

வலன்ரைன் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றித் துடைத்து மாட்டித் திரும்பவும் பார்த்தார். "நானும் சிவப்பை மட்டும்தான் பாத்தனான்," என்றார். "அப்ப இது உங்கட வயித்தில இருந்தபோது பட்டது இல்லை, பிள்ளை. பட்ஜ் நீங்கள் இல்லாத நேரத்தில எங்கயோ போய் வந்திருக்கு."

"அந்தப் பட்ஜ் பலகையில இருந்து ஆர் எடுப்பினம்?" என்றாள் றிஸ்மினா.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். வாசலில், நிலம் கூட்டுகிற தும்புத்தடியோடு அன்னப்பிள்ளை நின்றாள். அவளுடைய முகத்தில் ஒளிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"நான்தான் எடுக்கிறனான்," என்றாள். "ஒவ்வொரு நாளும் பின்னேரம், நீங்கள் போன பிறகு."

"எடுத்து?" என்றார் வலன்ரைன்.

"மாதாவிட்ட வைக்கிறனான். படத்தின்ர சட்டத்துக்குள்ள செருகிவிடுவன். விடிய வந்து திரும்ப எடுத்துப் பலகையில கொழுவிவிடுவன்." அவள் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தாள். "முந்தி இஞ்ச இருந்த பிறின்சி மிஸ்ஸும் பிள்ளை உண்டான நேரம் ரெண்டு பட்ஜ் குத்தினவ. அதால கண்ட உடனே எனக்கு விளங்கிப்போச்சு. ஒருத்தருக்கும் தெரியக்கூடாது எண்டுதானே நீங்கள் கீழ ஒளிச்சு வைச்சனீங்கள். நான் சொல்லேல்லை, தங்கச்சி. என்ர மகளுக்கும் சொல்லேல்லை. ஆனா எனக்கு வயிறு வெடிக்கப் பாத்தது. மாதாவிட்ட மட்டும் சொன்னனான். பிள்ளையின்ர காவல் துண்டுதானே, இரவில சும்மா ஏன் தொங்குவான், தாயிட்ட இருக்கட்டும் எண்டு வைச்சனான்."

இரவு முழுவதும் அவசரத்துக்கு வருகிறவர்களுக்கு மார்பு எக்ஸ்றே எடுபடும். இருமல் காலம் வேறு. ஒவ்வொரு தரமும் கதிரின் மேல் ஓரம் போய் விழுகிற இடம் அந்தப் படத்தின் கீழ்ச்சட்டம். தன்னுடைய பெயர் எழுதிய பட்ஜை ஒரு மனுசி இரவிரவாக மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தபோது றிஸ்மினாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஊருக்கெல்லாம் ஒலிபரப்புகிற வாய் தனக்காக மாதக்கணக்கில் பூட்டியிருந்ததே என்று வந்த அழுகை அது.

"அக்கா, இது காவல் துண்டு இல்லை," என்று மெல்லச் சொன்னாள். "கணக்குப் பாக்கிற துண்டு. எங்க வைச்சாலும் அந்த இடத்தில விழுகிற கதிரைத்தான் சொல்லும்."

அன்னப்பிள்ளையின் முகம் வெளிறியது. "அப்ப நான் பிள்ளைக்குக் கெடுதல் செய்துபோட்டனோ?"

"இல்லை அக்கா. துண்டிலதான் பட்டது. பிள்ளை அந்த நேரம் என்னோட வீட்டில."

அன்னப்பிள்ளை பெருமூச்சு விட்டாள். எக்ஸ்றே அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளுடைய முகம் வேறு விதமாக மாறியது.

"அப்ப இவ்வளவு வருசமும் மாதாவில பட்டதோ? கையில கைக்குழந்தையும் எல்லோ வைச்சிருக்கிறா."

வலன்ரைன் சிரிப்பை அடக்க இருமினார். அன்னப்பிள்ளை யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் படத்தைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அறையில், பட்ஜ் பலகைக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். தாயும் பிள்ளையும் பாதுகாப்பான இடத்துக்கு வந்தார்கள்.

கொழும்பில் கணக்குப் பார்க்கிற பௌதிகவியலாளர் கிருஷிகாவோடு வலன்ரைன் போனில் கதைத்தார். முழுக் கதையையும் அவள் குறித்துக்கொண்டே கேட்டாளாம். பிறகு, கதை நல்லாய்த்தான் இருக்கு, ஆனால் கதையை வைத்துக் கணக்கைத் திருத்த முடியாது, நிரூபிக்க வேண்டும் என்றாளாம். படம் இருந்த இடத்தில் ஒரு வெறும் பட்ஜை இரவுகளில் மட்டும் வைக்க வேண்டும். றிஸ்மினாவின் பட்ஜ் வயிற்றையும் பலகையையும் விட்டு எங்கேயும் போகக்கூடாது. மாத முடிவில் இரண்டையும் அனுப்ப வேண்டும். அதோடு கதிரின் வாயை இவ்வளவு அகலமாகத் திறக்கத் தேவையில்லை, நுரையீரல் அளவுக்கு ஒடுக்குங்கோ என்றும் ஒரு குட்டு வைத்தாள். அது நியாயமான குட்டு. ஆனால் சோதனை முடியும்வரை இரவில் முந்திய மாதிரியே இருக்கட்டும், பிறகு ஒடுக்குங்கோ என்றாள்.

மாதா இடம் மாறியதும் ஒரு சங்கடம் வந்தது. நாடி உயர மறுத்தது. வலன்ரைன் ஒரு கலண்டரிலிருந்து பெரிய பாரை மீனின் படத்தை வெட்டி அந்த இடத்தில் ஒட்டினார். கடற்கரைச் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? எல்லோரும் நாடியை உயர்த்தி, எத்தனை கிலோ வரும் என்று யோசித்தபடி மூச்சைப் பிடித்தார்கள்.

றிஸ்மினா அன்னப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இனி நீங்கள் ஆருக்கும் சொல்லலாம் அக்கா" என்று அவிழ்த்துவிட்டாள். அன்று பின்னேரமே உம்மா கொண்டச்சியிலிருந்து போன் எடுத்தாள். மீன் விற்க வந்தவன் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனானாம்.

ஆனாலும் அந்த மாதம் நீளமாகத்தான் இருந்தது. நியாயமெல்லாம் தெரிந்தும், நிரூபணம் வரும்வரை அவளுக்கு மனதின் ஒரு மூலையில் அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவேளை நாங்கள் நினைப்பது பிழையாக இருந்தால்? வயிறு மெல்ல எடுபட்டு வெளியே தெரிந்தது. முபீன் தொட்டில் விலை விசாரிக்கத் தொடங்கினான். "கணக்கு வரட்டும்" என்று அவள் தடுத்தாள்.

அது வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. வலன்ரைன் கதவைச் சாத்தவில்லை. அவருடைய குரல் திரும்பி வந்திருந்தது.

"றிஸ்மினா, சுவரில வைச்சதில ஒண்டு தசம் ஏழு. நீங்களே வாசியுங்கோ, உங்கட வயித்துப் பட்ஜ் எவ்வளவு எண்டு."

அவள் வாசித்தாள். "பூச்சியம்," என்றாள். தன்னுடைய குரலை நம்பாமல் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னாள். "பூச்சியம், சேர்."

நிலம் துடைத்துக்கொண்டிருந்த அன்னப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவளுடைய வீட்டில் இரண்டு பிள்ளைகள் கணக்குப் பரீட்சை எழுதியவர்கள். பூச்சியம் வந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"பூச்சியமோ? என்ர மாதாவே, ஒண்டுமே எடுக்கேல்லையோ?"

வலன்ரைன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். றிஸ்மினாவும் சிரித்தாள். எட்டு வருடமாகப் பயந்து பயந்து சிரித்தவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணால் நீர் வழிய, கதிரையில் சரிந்து சிரித்தாள். நல்லது அக்கா, இதில பூச்சியம் எடுக்கிறதுதான் வகுப்பில முதலாம் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நின்றாள். கைக்குக் கீழே ஒரு தட்டு. இத்தனை நாளும் வாயுவோ என்று சந்தேகப்பட்ட மாதிரி இல்லை. உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற தட்டு.

"அக்கா, கையைத் தாங்கோ," என்றாள்.

அன்னப்பிள்ளை ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, மெல்ல வைத்தாள். காத்திருந்தாள். பிறகு அவளுடைய கை ஒரு முறை துள்ளியது.

"பூச்சியம் எடுத்த பிள்ளையோ இந்த உதை உதைக்குது?" என்றாள் அன்னப்பிள்ளை.